சிவப்புச் செதில்கள்

மார்ச்சில் பெய்யும் பனியை எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. டிசம்பர் பனிக்கு ஒரு மரியாதை உண்டு. மார்ச் பனியோ கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி மாதிரி. பகலில் உருகிச் சேறாகும், பொழுது சாய்ந்தால் அந்தச் சேறே கல்லாகும். ஆஷ் கேம்ப் ஓடையை ஒட்டி மலைக்குள் போகும் ஒற்றைச் சாலையில் அந்த மாதம் முழுக்க டென்வர் மல்லின்ஸின் லாரிதான் முன்னால் தகட்டைக் கட்டிக்கொண்டு பனியைத் தள்ளியபடி மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருக்கும். பின்னால் உப்பு கொட்டிக்கொண்டே வரும். உப்புத் தூள் அவன் புருவத்தில்கூடப் படிந்திருக்கும்.

டென்வரின் மனைவி ட்ரீமாவுக்கு வட்டாரச் சிறையில் வேலை. கைதிகளை வண்டியில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். இடுப்பில் கைத்துப்பாக்கி கட்டிக்கொள்ளும் வேலை என்பதால், உள்ளே கம்பிக்குப் பக்கத்தில் நிற்பவர்களைவிடச் சம்பளம் கொஞ்சம் கூட. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில், குறிபார்த்துச் சுட்டுத் தேற வேண்டும். போன வருஷம் மயிரிழையில் தேறினாள். வயது ஐம்பதை நெருங்குகிறது. கண்ணாடி போட்டால் இலக்கு மங்குகிறது, கழற்றினால் துப்பாக்கியின் நுனி மங்குகிறது. பழகிப் பழகித்தான் சரிக்கட்ட வேண்டும். பழகுவதற்கு யாரும் தோட்டா கொடுப்பதில்லை. கடைத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகாது. அதற்குத்தான் வீட்டில் ஹோப் இருந்தார்.

ஹோபர்ட் மல்லின்ஸ், டென்வரின் அண்ணன். ஊருக்கே அவர் ஹோப்தான். சுரங்கத்துக்குள் கூரைப்பாறை சரியாமல் ஆளுயரத் திருகாணிகளை முடுக்கியே இளமையைக் கழித்தவர். மனைவி ஐனா போய்ச் சேர்ந்தபிறகு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது இரண்டு முயல்வேட்டை நாய்கள், ஒரு இரும்பு வாணலி, தோட்டா செய்யும் கைப்பொறி, இவ்வளவுதான் கொண்டுவந்தார். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, கழுவி, புதிதாக வெடிமருந்து அளந்து போட்டு, ஈயத்தை மேலே வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. வீட்டு நிலவறையில் உட்கார்ந்து செய்து, ரொட்டி வாங்கிவந்த காலிப் பைகளில் போட்டு முடிச்சிட்டு வைப்பார். வீட்டுக்குப் போக மீதியை ஓடையோரத்து ஆட்கள் சிலரும் வந்து வாங்கிப் போவார்கள். விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். அவரிடம் கிடையாது. அது தெரியாதவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. கடையில் விற்கிற மலிவுச் சரக்கைவிட ஹோப்பின் பை மலிவு, அதோடு நம்பகமும் கூட என்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை ட்ரீமா ஒரு பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். நிலக்கரிக்காக மலையை வெட்டித் தட்டையாக்கிவிட்டுப் போன இடம் அது. ஒரு பக்கம் மண்சுவர், அதில் அட்டைப்பெட்டியைச் சாத்தி வைத்துச் சுடலாம். குளிரில் விரல் மரத்தது. சுட்டபோதே ஏதோ சரியில்லை. ஒன்று படீரென்று வெடித்தால் அடுத்தது கம்பளிக்குள் தும்மியது போல் போனது. காலிக் கூடு சில நேரம் தோளுக்கு மேல் பறந்தது, சில நேரம் காலடியிலேயே விழுந்தது. ஒருமுறை துப்பாக்கி பாதியில் சிக்கியும் நின்றது. குளிரில் எண்ணெய் இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குறி எங்கெங்கோ போயிற்று. பை பாதிகூடத் தீராமல், மனசு வெறுத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

வீட்டில் ஹோப் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். பன்றிக்கால் எலும்பு போட்ட அவரையின் மணம் வாசல்வரைக்கும் வந்தது. வாணலியில் சோளரொட்டி.

"எப்படிப் போச்சு?" என்றார்.

"அட்டைப்பெட்டி தப்பிச்சிருச்சு. மலைக்குத்தான் நல்ல அடி."

"மலை பெருசு. அதைத் தவறவிடாம அடிச்சதே பெருசு. உட்காரு, சாப்பிடு."

சாப்பிட்டார்கள். அவளுக்கு வெங்காயம் நறுக்கி வைத்திருந்தார், அவளுக்குப் பிடித்த மாதிரி. சாப்பிட்டு முடித்ததும் ஹோப் நாய்களுக்கு மீதியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ட்ரீமா மேஜைமேல் பழைய துண்டை விரித்து, துப்பாக்கியைக் கழற்றினாள்.

துப்பாக்கி சுத்தம் செய்வது அவளுக்குப் பாத்திரம் கழுவுவது மாதிரி. எண்ணெய்ப் புட்டியைத் திறந்தால் கனிந்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி ஒரு வாடை. குழலுக்குள் துணியை விட்டு இழுத்தால் முதல் துணி கரியாக வரும், அடுத்தது சாம்பல் நிறம், அப்புறம் வெள்ளை. எப்போதும் அப்படித்தான். விளக்குச் சிம்னியில் படிகிற கரி மாதிரி மெழுமெழுவென்று இருக்கும், தொட்டால் விரலில் ஈஷும்.

இன்றைக்குத் துண்டில் மணல் மாதிரி எதுவோ உதிர்ந்தது. ஈஷவில்லை. விரலில் எடுத்துத் தேய்த்தாள், நறநறத்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். கசகசா மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகள். அவற்றுக்கு நடுவே தட்டையான செதில்கள், சாம்பல் நிறத்தில். அந்தச் செதில்களிலும் அங்கங்கே ஒன்றிரண்டு சிவப்பு.

துப்பாக்கிப் பிடிக்குள் செருகும் தோட்டாப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். அதிலிருந்தும் உதிர்ந்தது. எல்லாவற்றையும் கூட்டி ஒரு ஜாடி மூடியில் போட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சி உரசி வைத்தாள். சுர்ரென்று மஞ்சளாக ஒரு நாக்கு எழுந்து அடங்கியது. எரியாமல் மிஞ்சிய மருந்துதான். மறுபடியும் உள்ளே வந்து, துண்டில் மிச்சம் கிடந்ததை வெள்ளைத் தட்டு ஒன்றில் தட்டிவைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

டென்வர் வந்தான். விடியுமுன் போனவன். பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தான்.

"இதைக் கொஞ்சம் பாரு."

"சாப்பிட்டுட்டுப் பாக்குறேன்."

"இப்பவே பாரு, டென்வர்."

தட்டைக் கிட்டே இழுத்தான். "என்ன இது? பீட்சாவுல தூவுற மிளகாத்தூளா?"

"என் துப்பாக்கியிலேருந்து வந்தது."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நகத்தால் ஒரு சிவப்புச் செதிலைத் தள்ளிப் பார்த்தான். "இது ஷாட்கன் மருந்தாச்சே. வான்கோழி வேட்டைக்குப் போடுறது. இது எப்படிக் கைத்துப்பாக்கிக்குள்ள வந்துச்சு?"

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன். உருண்டையா இருக்கறது வழக்கமா அவரு போடுறது. செதில் வேற மருந்து. ரெண்டும் ஒரே கூட்டுக்குள்ள இருந்திருக்கு."

"ரெண்டையும் கலந்தா..." அவன் முடிக்கவில்லை.

"ஒண்ணு மெதுவா எரியும், ஒண்ணு சட்டுனு எரியும். கலந்து அளந்தா ஒரு தோட்டா இருமும், அடுத்தது கையக் கொண்டுபோயிரும். காலையில பாதிப் பை சுட்டேன், டென்வர். இருமுறதாத்தான் எனக்கு வாச்சுது."

டென்வர் அவள் கைகளைப் பார்த்தான். பிறகு நிலவறைக் கதவைப் பார்த்தான்.

"அவரு அப்படிச் செய்யற ஆளில்லையே. மேஜை மேல ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும்னு எனக்கு எத்தனை தடவை பாட்டுப் பாடியிருக்காரு."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது.

"போன மாசம்," என்றாள் ட்ரீமா, "காப்பித்தூளை நாய்த் தட்டுல கொட்டி வச்சிருந்தாரு. நாய்ங்க மோந்து பாத்துட்டு என்னைப் பாத்துச்சுங்க. நானே அள்ளிப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட நீ சொல்லலியே."

"நீ களைச்சுப்போய் வருவே. எதுக்குன்னு விட்டுட்டேன்."

டென்வர் முகத்தைத் தேய்த்தான். "பெட்ரோல் பங்க்ல வண்டிய விட்டுட்டு நடந்தே வீட்டுக்கு வந்துட்டாரு, ஜனவரியில. பங்க்குக்காரன் போன் பண்ணினான். நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன். உங்கிட்ட பேட்டரி போச்சுன்னு சொன்னேன்."

"அடப்பாவி. அந்தப் பேட்டரிக்கு நான் எவ்வளவு வருத்தப்பட்டேன்."

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

பின்கதவு திறந்தது. ஹோப் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "வந்துட்டியா தம்பி? கீழே முனையில எவனோ தபால்பெட்டியத் தட்டிவிட்டுட்டுப் போயிருக்கான். பனி லாரிக்காரனுங்களுக்குக் கண்ணு எங்கேதான் இருக்கோ." சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். மேஜையைப் பார்த்தார்.

ட்ரீமா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஹோப், இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் இறுகியது. அந்த ஒரு நிமிஷம் அவர் பழைய ஹோப்தான்.

"யாரோட துப்பாக்கியில இருந்து வந்தது?"

"என்னோடது."

"எவன் கிட்ட வாங்கின தோட்டா? ரெண்டு மருந்தக் கலந்திருக்கான் மடப்பய. இந்தா, இது வேற, இது வேற. குருடனுக்குக்கூடத் தெரியும். மலிவாக் கெடைக்குதுன்னு கண்டவன்கிட்ட வாங்கினா இப்படித்தான். இனிமே அவன் பக்கமே போகாத, பொண்ணே. கைய எடுத்துருவான். நான் என்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

டென்வர்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணே. அது உங்க தோட்டாதான்."

"போடா."

"ரொட்டிப் பையில நீங்க முடிஞ்சு வச்சது."

"நான் இப்படிச் செய்வேனா? மேஜை மேல ஒரே ஒரு டப்பா. அதுக்கு மேல நான் வைக்கிறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"வாங்க, கீழே போய்ப் பாப்போம்."

படியிறங்கினார்கள். ஹோப் முன்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. விளக்கைப் போட்டார். கைப்பொறிக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. இரண்டும் திறந்து. ஒன்று காலி. மற்றதில் தலைதட்ட நிரம்பிக் கிடந்த மருந்தின் மேற்பரப்பில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

ஹோப் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலி டப்பாவைக் கையிலெடுத்துத் திருப்பிப் படித்தார். பிறகு வைத்தார்.

"ஐனாதான் மிச்சத்த இதுல கொட்டி வச்சிருப்பா," என்றார். "அவளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது."

ஐனா இறந்து நாலு வருஷம். இந்த வீட்டு நிலவறையை அவள் பார்த்ததே இல்லை.

டென்வர் குனிந்து டப்பாவை மூடினான். அதிலேயே அவருக்குப் புரிந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். தன் கைகளைப் பார்த்தார், வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது மாதிரி.

"இருமிச்சா?" என்று கேட்டார்.

"ஆமா, ஹோப்."

"வேற ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல."

"கையக் காட்டு."

காட்டினாள். பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

"யார் யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" என்றான் டென்வர்.

"ரஸ்ஸல் டாக்கெட் வந்தான். அப்புறம்... இன்னொருத்தன் வந்தான்."

"யாரு?"

"தொப்பி போட்டிருந்தான்."

"அண்ணே, நம்ம ஊர்ல தொப்பி போடாதவன் எவன்?"

"புரியுதுடா எனக்கு! தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" கத்தினார். பிறகு சின்னக் குரலில், "ஒருத்தனா ரெண்டு பேரான்னும் தெரியல," என்றார்.

அன்று மதியமே மூன்று பேரும் டென்வரின் பிக்கப்பில் ஏறி ரஸ்ஸல் டாக்கெட் வீட்டுக்குப் போனார்கள். ஹோப் நடுவில். வழியில் டென்வர் சொல்லிக்கொண்டு வந்தான்: "நீங்க வண்டியிலேயே இருங்க. நான் பேசிக்கிறேன். மருந்து பத்தவைக்கிற மூடி மோசமான சரக்கு வந்துருச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துர்றேன்."

ரஸ்ஸல் கொட்டகையில் மரம் அறுக்கும் செயின்சாவுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தான். டென்வர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"என்னடா டென்வர், விலைய ஏத்தப் போறாரா உங்கண்ணன்? அதுக்குத்தான் இந்த நாடகமா?"

"இல்ல ரஸ்ஸல். சரக்கு சரியில்ல. சிலது வெடிக்காது."

"வெடிக்கலேன்னா வெடிக்கல. எனக்கு ஓடையில டின்னு அடிக்கத்தானே? அதுக்காக நான் வாங்கினதத் திருப்பிக் குடுக்கணுமா? நாளைக்குச் சுட்டுப் பாக்குறேன், வெடிக்காததத் தூக்கிப் போட்டுர்றேன்."

"சொன்னாக் கேளு."

"நீ சொல்றதுல ஒரு காரணமும் இல்லியே, கேக்கறதுக்கு."

பிக்கப் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஹோப் சேற்றில் கால் பதித்துப் பதித்து வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"அவன் பொய் சொல்றான், ரஸ்ஸல். என் தம்பி எனக்காகப் பொய் சொல்றான். மூடியில ஒண்ணுமில்ல. நான் மருந்த மாத்திக் கலந்துட்டேன். எப்பக் கலந்தேன்னு எனக்குத் தெரியல. சுட்டேன்னா உன் கை போயிரும். எனக்குப் புத்தி கழண்டுக்கிட்டு வருது. கொண்டா அத."

ரஸ்ஸல் அரத்தைக் கீழே வைத்தான். உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து ஹோப்பிடம் கொடுக்காமல் டென்வரிடம் கொடுத்தான். அது ஹோப்புக்கு வலித்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றான் ரஸ்ஸல் பொதுவாக.

திரும்பும்போது ஹோப்தான் பேசினார். "நாளைக்கு ஃபயர் ஸ்டேஷன்ல அவரைக்கொட்டை விருந்து இருக்குல்ல? ஊரே வரும். அங்கே சொல்லிர்றேன்."

"ஊர் முன்னாலயா?" என்றான் டென்வர். "லைசென்ஸ் இல்லாம வித்தது, இதெல்லாம்... வேண்டாம்ணே. நான் ஒவ்வொருத்தனாப் போய்க் கேக்குறேன்."

"எவன்னு தெரியாம எத்தனை வீட்டுக்குடா போவ? அதுக்குள்ள எவனாவது சுட்டுட்டா? சொல்லணும். காலையில எனக்கு ஞாபகப்படுத்து. மறந்துட்டேன்னு விட்டுறாத."

ட்ரீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விருந்தில் நானும் இருந்தேன். தீயணைப்பு லாரிக்கு டயர் வாங்குவதற்காக வருஷா வருஷம் நடப்பது. லாரியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீளமாக மேஜை போட்டு, அவரை, சோளரொட்டி, வறுத்த பன்றித்தொடைக்கறி, முட்டைக்கோஸ், எட்டுப் பத்துப் பழப் பலகாரம். அகப்பையோடு நான் அவரைச் சட்டிக்குப் பின்னால் நின்றேன். ஹோப் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பாஸ்டர் ஜெபம் சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார்.

"எல்லாரும் சாப்பிடுங்க, ஆனாக் காது குடுங்க. எங்கிட்ட தோட்டா வாங்கினவங்க யாராயிருந்தாலும் அதச் சுடாதீங்க. நான் தப்பா மருந்து போட்டுட்டேன். யாருக்குக் குடுத்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. தயவுசெஞ்சு கொண்டுவந்து குடுத்துருங்க. பேர் சொல்ல வெக்கமா இருந்தா, மேஜை மேல வச்சிட்டுப் போங்க."

கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே அவரவர் வண்டிக்குப் போனார்கள். திரும்பி வந்து பலகாரத்துக்கும் கேக்குக்கும் பக்கத்தில் ரொட்டிப் பை முடிச்சுகளை வைத்தார்கள். வாங்கியதாக நான் நினைத்தே பார்க்காத ஆட்களெல்லாம் வைத்தார்கள். ஹோப் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மேஜையில் வெர்லின் ப்ளெவின்ஸ் எழுந்திருக்கவில்லை. மர அறுவை ஆலையில் வேலை. அவனுடைய வலது கையில் மணிக்கட்டுவரைக்கும் கட்டு. ஆலையில் அடிபட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவன் மனைவி மேவிஸ் எழுந்தாள்.

"எங்ககிட்ட திருப்பிக் குடுக்க ஒண்ணும் இல்ல," என்றாள். "புதன்கிழமையே சுட்டாச்சு. துப்பாக்கி ரெண்டாப் பொளந்துருச்சு. அது அவரோட அப்பா துப்பாக்கி, பழசு, அதான் வெடிச்சிருச்சுன்னு நாலு நாளாப் புலம்பிக்கிட்டிருக்காரு. செத்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருக்காரு. கட்டைவிரல் மடங்காதாம், டாக்டர் சொல்லிட்டாரு. மரம் அறுக்கிற ஆளு. இனி எதை வச்சு அறுப்பாரு?"

"மேவிஸ், உட்காரு," என்றான் வெர்லின்.

"நான் ஏன் உட்காரணும்?"

ஹோப் நின்ற இடத்திலேயே நின்றார். டென்வர் எழுந்து அவர் முழங்கையைப் பிடிக்கப் போனான். அவர் அதை விலக்கிவிட்டு, மெதுவாக நடந்து வெர்லினுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"நீதானா அந்தத் தொப்பிக்காரன்," என்றார்.

"நான்தான், ஹோப்."

"ரொம்ப யோசிச்சேன்டா. வரவே இல்ல."

"தெரியும். பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாத. அவ சொல்றதுதான் சரி."

வெர்லின் இடது கையால் முள்கரண்டியைப் பிடித்துத் தட்டிலிருந்த கறியைக் குத்தினான். கறி வழுக்கியது. மறுபடியும் குத்தினான். ஹோப் கையை நீட்டி அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கத்தியை எடுத்து, கறியை வாய்க்குக் கொள்ளும் துண்டுகளாக நறுக்கினார். துண்டுகள் ஒரே அளவில் விழுந்தன. நறுக்கி முடித்துத் தட்டைத் திருப்பித் தள்ளினார். வெர்லின் சாப்பிட்டான். மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஷெரீப்பிடம் போவேன் என்று அவள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். போகவில்லை. ஆனால் மல்லின்ஸ் வீட்டாரோடு இன்றுவரைக்கும் பேச்சில்லை. மேஜையில் சேர்ந்த பைகளையும் நிலவறை மருந்தையும் ஃபயர் ஸ்டேஷன்காரர்களே கொண்டுபோய் அழித்தார்கள். அந்த வசந்தம் முழுக்க, பனி லாரி வேலை முடிந்ததும் டென்வரும், சிறை வேலை முடிந்ததும் ட்ரீமாவும், வெர்லின் வீட்டுக் கொல்லையில் நின்று அடுத்த குளிர்காலத்துக்கான விறகைப் பிளந்து அடுக்கினார்கள். மேவிஸ் ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஒருநாள்கூடத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கோடாலி பிடித்துக் கொப்புளம் கண்ட கையோடுதான் ட்ரீமா சுடுகிற தேர்வுக்குப் போனாள். முதல் நாள் தவறி, இரண்டாம் வாய்ப்பில் தேறினாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, என்ன தேர்வு என்று ஹோப் கேட்டார்.

டவுனில் டாக்டர் பார்த்தார். ஹோப்பின் தலையைப் படம் எடுத்தார்கள். வியாதிக்குப் பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததால் எதுவும் குறைந்துவிடவில்லை.

டென்வர் நிலவறைக் கதவில் ஒரு பூட்டுப் போட்டான். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. காலையில் காப்பி குடித்ததும் ஹோப் நேரே அந்தக் கதவுக்குத்தான் போவார்.

"யார் இதைப் பூட்டினது?"

முதல் சில நாள் ட்ரீமா உண்மையைச் சொன்னாள். உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து கலந்ததையும் வெர்லின் கையையும் சொன்னாள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தாள். ஊர் முன்னால் எழுந்து நின்று சொன்ன மனுஷனிடம் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் அதைப் புதிதாகத்தான் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி முகம் வெளுத்து, "நானா? எந்தக் கை? விரல் இருக்கா அவனுக்கு?" என்று கேட்டு, நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். மறுநாள் காலையில் எல்லாம் போய்விடும். கதவுக்கு வந்து நிற்பார்.

"இத எத்தனை தடவை அவருக்குப் பண்ணப் போற?" என்று டென்வர் ஒருநாள் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அவனுக்கும் அலுப்புத்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையில் செர்விஸ் என்னும் காட்டுமரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. ட்ரீமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஹோப் போய்க் கதவை அசைத்துப் பார்த்தார்.

"ட்ரீமா, இது ஏன் பூட்டியிருக்கு?"

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். துண்டில் கையைத் துடைத்தாள்.

"சாவி தொலைஞ்சு போச்சு, ஹோப்."

"எங்கே வச்சே?"

"அதுதான் தெரியல."

அவர் முகம் மலர்ந்தது. யாரோ ஒருவருக்குத் தன்னைவிட மறதி அதிகம் என்பதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி. "நீ ஒருத்தி. தலையக் கழட்டி வச்சாலும் எங்கே வச்சேன்னு மறந்துருவ. வா, தேடுவோம். வீட்டுக்குள்ளதானே இருக்கும்? எங்கே போயிரப் போகுது."

சோபா மெத்தைகளைத் தூக்கினார். மாவு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார். குளிர்ப்பெட்டிக்கடியில் பார்க்க வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, டார்ச் அடித்துத் தரச் சொன்னார். ட்ரீமா மண்டியிட்டு டார்ச் அடித்தாள். சாவி அவள் ஜீன்ஸ் பையில் இருந்தது. குனியும்போது தொடையில் குத்தியது.

"அந்தப் பக்கம் அடி. இன்னும் உள்ளே," என்றார் ஹோப்.

அவள் வெளிச்சத்தை இன்னும் உள்ளே திருப்பினாள்.